எட்டு விநாடியும் ஏழு நிமிடமும்

சென்ற இதழில், பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கிற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தையும் அதில் புழங்கிய ஊக்கமருந்தையும் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். (நாளுக்கு ஒரு கட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே பந்தயம்.) வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த வாரம் மற்றக் கேள்விகளை எல்லாம் ஒத்திவைத்துவிட்டேன்.

கேள்வி: மற்றவர்கள் எல்லாம் ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓட்டிய காலத்தில், ஒன்றுமே எடுக்காத ஒருவர் ஜெயித்திருக்க முடியுமா, முடியாதா? "போடாவிட்டால் பிழைப்பே இல்லை" என்று பிடிபட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அது வெறும் சாக்குதானே?

பதில்: பாதி சாக்கு, பாதி உண்மை. எந்தப் பாதி எது என்பது, எந்த மருந்து, எத்தனை நாள் பந்தயம் என்பதைப் பொறுத்தது.

நான் சைக்கிள் பந்தயக்காரன் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குழாயைப் பார்த்துக்கொண்டே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அந்தப் புத்தியோடுதான் இதைப் பார்ப்பேன். என் கணக்கில் ஊக்கமருந்து இரண்டு ஜாதி. அசதியை மறைப்பது ஒன்று, ரத்தத்தையே மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

முதல் ஜாதி பழசு. 1924 டூரில் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிய பெலிஸியே சகோதரர்கள், ஆல்பர் லோந்த்ர் என்ற பத்திரிகைக்காரர் முன்னால் பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள்: கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், அப்புறம் மாத்திரைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தூக்கத்தையும் அசதியையும் விரட்டுகிற ஆம்பெட்டமின் மாத்திரை வந்தது. ஐந்து முறை டூர் ஜெயித்த ஜாக் ஆங்க்தீல் தான் எடுப்பதை ஒளித்ததே இல்லை. 1966இல் டூரில் முதல்முதலாகச் சோதனைக்கு ஆள் வந்தபோது, வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். திருடனைப் பிடிக்க வந்தவனிடமே கோபித்துக்கொண்ட கதை.

ஆனால் அந்த மாத்திரை எவ்வளவு கொடுத்தது? 1959இல் அமெரிக்காவில் ஸ்மித், பீச்சர் என்ற இருவர் விளையாட்டு வீரர்களுக்கு ஆம்பெட்டமின் கொடுத்து அளந்து பார்த்தார்கள். நீச்சலில் ஏறக்குறைய 1 சதவீதம், ஓட்டத்தில் 1.5 சதவீதம் ஆதாயம். சின்ன எண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிறவியிலேயே நல்ல நெஞ்சும் காலும் வாய்த்தவன் அதை ஈடுகட்டிவிடலாம். தவிர, அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. உடம்பு "போதும்" என்று சொல்வது காதில் விழாமல் செய்வதுதான் அதன் வேலை. 1967 ஜூலை 13, வாந்து மலை ஏற்றத்தில், கொளுத்துகிற வெயிலில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் செத்துப்போனது அப்படித்தான். ஆம்பெட்டமினும் மதுவும் உடம்பில் இருந்தன. மூன்று வாரப் பந்தயத்தில் ராத்திரித் தூக்கம்தான் பாதி மருந்து. அதைக் கெடுக்கிற மாத்திரையைத் தினமும் போட்டால் மூன்றாவது வாரம் அது பழிவாங்கும்.

அதனால் அந்தக் காலத்தில் சுத்தமானவர் ஜெயிக்க முடிந்தது என்றே நினைக்கிறேன். உதாரணம், 1989. அமெரிக்கர் கிரெக் லெமோன். இரண்டு வருடம் முன்னால் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு, முப்பதுக்கு மேற்பட்ட ஈயக் குண்டுகள் உடம்பிலேயே தங்கிவிட்ட மனிதர். கடைசி நாள், வெர்சாய்யிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் தனியோட்டம், அதாவது ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டி. பிரெஞ்சுக்காரர் லொரான் ஃபிஞ்ஞோன் 50 விநாடி முன்னால் இருந்தார். லெமோன் ஹேண்டில்பாரில் முன்னுக்கு நீண்ட பிடி பொருத்தி, முழங்கையை அதில் ஊன்றி, காற்றுக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டு மணிக்கு 54.5 கிலோமீட்டர் சராசரியில் போனார். ஃபிஞ்ஞோனுக்கு ஹெல்மெட்கூடக் கிடையாது, குதிரைவால் முடி காற்றில் பறந்தது. உட்கார முடியாதபடி இருக்கைப் புண் வேறு. 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வித்தியாசம் 8 விநாடி. ஃபிஞ்ஞோன் ஆம்பெட்டமினும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் எடுத்த காலம் உண்டு என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். லெமோன் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை, எந்த விசாரணையும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. அந்த வருடம் அவரை ஜெயிக்க வைத்ததில் ஹேண்டில்பாரில் பொருத்திய அந்த அலுமினியக் குழாய்க்கும் பங்கு உண்டு.

இனி இரண்டாவது ஜாதி.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். நுனியை ரத்தத்தில் தொட்டால் தானாகவே ஏறிக்கொள்ளும். ஒரு முனையைக் களிமண் மாதிரிப் பசையால் அடைத்து, சுழல் இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுற்ற வேண்டும். வெளியே எடுத்தால் கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் திரவம், நடுவில் நூலளவு வெள்ளை. மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை சதவீதமோ அதுதான் ஹெமடோக்ரிட். ஆண்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 வரை. இந்தக் குழாயை எத்தனை ஆயிரம் தடவை சுற்றியிருப்பேனோ.

டயாலிசிஸ் நோயாளிகளின் குழாய் தனியாகத் தெரியும், சிவப்பு கால்வாசிகூட இருக்காது. சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுகிற எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் போனால் உத்தரவும் போச்சு. எண்பதுகளின் கடைசியில் அதைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகக் கொண்டுவந்தார்கள், ஈ.பி.ஓ. என்று. எங்கள் கூடம் மாடியில் இருந்தது. கீழேயே உட்கார்ந்து ஆள் அனுப்பி ரிசல்ட் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், ஊசி ஆரம்பித்துச் சில மாதத்தில் தானே படியேறி வந்து நின்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த ஊசியையே, மலையேறுவதைத் தொழிலாக வைத்திருக்கிறவன் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று அப்போது தோன்றவில்லை. ஐரோப்பாவில் சிலருக்கு உடனே தோன்றியிருக்கிறது.

ஆம்பெட்டமின் இருக்கிற எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை எரிக்கச் சொல்லும். ஈ.பி.ஓ. எஞ்சினையே பெரிதாக்கிவிடும். மலை ஏற்றத்தில் காற்றின் தடை குறைவு, புவியீர்ப்புதான் எதிரி, அதனால் காலில் எத்தனை சதவீதம் சக்தி கூடுகிறதோ, வேகமும் கிட்டத்தட்ட அத்தனை சதவீதம் கூடும். ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு. அதை நாற்பது நிமிடத்தில் ஏறுகிற இரண்டு பேர் என்று வையுங்கள். ஒருவனுக்கு மட்டும் 5 சதவீதம் கூடுதல் சக்தி கிடைத்தால் உச்சியில் வித்தியாசம் இரண்டு நிமிடம். ஒரே மலையில்! டூரில் அப்படி எத்தனை மலை. 1987இல் மொத்தப் பந்தயமும் 40 விநாடி வித்தியாசத்தில் முடிவானது. 1989இல் எட்டு. இரண்டு நிமிடத்தைத் துணிச்சலாலும் தந்திரத்தாலும் எங்கே போய்ப் பிடிப்பது?

லெமோன் 1990இலும் ஜெயித்தார். 1991 ஜூலை 19, பிரனீஸ் மலைகளில் வால் லூரோன் போகிற கட்டத்தில், ஒரே நாளில் ஏழு நிமிடத்துக்கு மேல் இழந்தார். கடைசியில் ஏழாவது இடம், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கூட்டத்தின் வேகமே திடீரென்று மாறிவிட்டது என்று சொன்னார். அவருக்கு உடம்பில் ஈயமும் இருந்தது, வயதும் முப்பதை எட்டியிருந்தது, ஆகவே எல்லாப் பழியையும் மற்றவர்கள் ஊசி மேல் போட நான் தயாரில்லை. ஆனாலும் எட்டு விநாடிக்கும் ஏழு நிமிடத்துக்கும் நடுவில் இருப்பது இரண்டே வருடம். ஈ.பி.ஓ. சந்தைக்கு வந்ததும் அதே சமயம்தான்.

கேள்வி: அப்படியானால் தொண்ணூறுகளில் சுத்தமானவர்கள் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லையா?

பதில்: ஜெயித்தார்கள். ஒரு நாள் பந்தயமும், டூரின் தனித்தனிக் கட்டங்களும் வேறு கணக்கு. சமவெளியில் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பெரிய எஞ்சின் வைத்திருக்கிறவன் காற்றை வெட்ட, சின்ன எஞ்சின்காரன் நிழலில் வரலாம். மழை, கல் பாவிய சாலை, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாத தைரியம், பெரிய தலைகள் "இவன் போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிற நாளில் தப்பித்து ஓடுவது, இதெல்லாம் ஊசியில் வராது.

பிரான்ஸின் தாவித் மோன்கூத்தியே சக வீரர்களிடமே சுத்தமானவர் என்று பெயர் வாங்கியவர். 2004, 2005 டூர்களில் ஒவ்வொரு கட்டம் ஜெயித்தார், இரண்டாவது ஜூலை 14 அன்று, அவர்களுடைய தேசிய நாளில். மொத்த நேரப் பட்டியலில் மேலே வரவே இல்லை. நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஷார்லி மோத்தே இன்னொருவர். ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோ, 1998இல் மருந்து நிறைந்த காரோடு எல்லையில் பிடிபட்டாரே, அவரே மோத்தே ஒன்றும் எடுத்ததில்லை என்று எழுதினார். ஊசி போட்டவன் கையாலேயே கிடைத்த நற்சான்றிதழ்! மோத்தே டூரில் இரண்டு முறை நாலாவது இடம். அந்த நாலு எத்தனையாக இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஊசி வழிக்குப் போகாமல் பந்தயத்தையே விட்டவர்களையும் எண்ணுங்கள். ஜீல் தெலியோன் 1990இல் டூரின் சிறந்த இளம் வீரர், அதே வருடம் லொம்பார்டி பந்தயமும் அவருக்கு. எட்விக் வான் ஹூய்டோங்க் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை 1989, 1991 என்று இரண்டு முறை ஜெயித்தவர். இருவரும் 1996இல் முப்பது வயதைச் சுற்றி விலகினார்கள், இருவரும் ஈ.பி.ஓ.வைக் கைகாட்டினார்கள். "சுத்தமானவர்கள் ஏன் ஜெயிக்கவில்லை" என்று கேட்கிறபோது, அவர்களில் பலர் அந்த நேரத்தில் வரிசையிலேயே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: எல்லாரும் போட்டார்கள் என்றால் எல்லாருக்கும் சமம்தானே? கடைசியில் திறமைசாலிதானே ஜெயித்திருப்பான்?

பதில்: இல்லை, தம்பி. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் இது என் குழாய் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஈ.பி.ஓ.வை நேரடியாகக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லாததால், சர்வதேச சைக்கிள் சங்கம் 1997இல் ஒரு கோடு கிழித்தது: ஹெமடோக்ரிட் 50க்கு மேல் போனால் பந்தயத்தில் இறங்கக்கூடாது, இரண்டு வாரம் ஓய்வு. தண்டனை என்றுகூடச் சொல்லவில்லை, உடல்நலக் காப்பு என்றார்கள். இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு இயற்கையாகவே 48. தாயின் வயிற்றிலிருந்தே வாங்கிவந்த சொத்து. இன்னொருவனுக்கு 40. ஊசி போட்டு இருவரும் 49.9க்கு வந்தால், முதல்வனுக்குக் கிடைத்தது இரண்டு புள்ளிகூட இல்லை, இரண்டாமவனுக்குப் பத்து. மருந்தால் அதிக லாபம் அடைந்தவன் திறமை குறைந்தவனாகவே இருக்கலாம். உடம்பு மருந்துக்கு எப்படிப் பதில் சொல்கிறது, எந்த டாக்டர் கைவசம் இருக்கிறார், எவ்வளவு பணம் இறைக்க முடியும் என்பதெல்லாம் இதற்கு மேல். இதில் எங்கே சமம்?

மூன்று வாரப் பந்தயத்தில் இன்னொன்றும் நடக்கும். நாள் முழுக்க ஓட்ட ஓட்ட ரத்தத்தின் திரவப் பகுதி பெருகும், குழாயில் சிவப்பு இறங்கும். அமெரிக்க வீரர் டைலர் ஹாமில்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியபோது, வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு புள்ளி இறங்கும் என்று கணக்குச் சொன்னார். சுத்தமானவன் 45இல் ஆரம்பித்து கடைசி மலையை 39இல் ஏறுகிறான். பக்கத்தில் வருகிறவன் ஓய்வு நாளில், முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த தன் ரத்தத்தையே ஒரு பை ஏற்றிக்கொண்டு, முதல் நாள் மாதிரி வருகிறான். மூன்றாவது வாரம் என்பதே தேய்மானத்தில் யார் தாக்குப்பிடிக்கிறார் என்று பார்க்கிற போட்டி. ஒருவனுக்குத் தேய்மானமே இல்லை என்றால் அதற்குப் பந்தயம் என்று பேர் வைக்கக்கூடாது.

கேள்வி: ஈ.பி.ஓ.வால் பலனே இல்லை என்று நெதர்லாந்தில் நிரூபித்துவிட்டார்களாமே?

பதில்: 2017இல் வெளிவந்த ஆய்வு. நன்றாகப் பயிற்சி பெற்ற 48 அமெச்சூர்களில் பாதிப் பேருக்கு ஈ.பி.ஓ., பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். எட்டு வாரம் கழித்து எல்லாரையும் வாந்து மலையில் ஏறவிட்டார்கள், இரண்டு குழுவுக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒழுங்காகச் செய்த ஆய்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் ஓட்டியது ஒரு நாள், மூன்று வாரம் அல்ல. மருந்தின் அளவும் டாக்டர் கட்டுப்பாட்டில் பத்திரமாக இருந்தது. தவிர, ஆய்வுக்கூடத்தில் மூச்சு முட்ட மிதிக்கவிட்டபோது ஊசிக் குழுவுக்கு உச்ச சக்தி கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அமெச்சூர்களுக்கு நடுவே பயிற்சி, எடை, மனநிலை என்று ஆளுக்கு ஆள் பெரிய பெரிய வித்தியாசம். அந்தச் சந்தடியில் இந்தச் சின்னது அமுங்கிப்போகும். உச்சியில் இருக்கிற முப்பது பேருக்கு நடுவில் அந்தச் சின்னதுதான் எல்லாம்.

கேள்வி: 50 சதவீதக் கோட்டை எப்படி ஏமாற்றினார்கள்? உங்கள் தொழில் ரகசியம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதில்: ரகசியம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அணிகள் ஓட்டல் அறையிலேயே சின்னச் சுழல் இயந்திரம் வைத்திருந்தன. நான் நோயாளிக்குச் சுற்றிய அதே குழாயை அவர்கள் கோட்டுக்குக் கீழே நிற்கிறோமா என்று பார்க்கச் சுற்றினார்கள். கூடிவிட்டால் நரம்பில் உப்புநீர் ஏற்றினால் போதும், சிவப்பு நீர்த்துவிடும். 1998 உலகச் சாம்பியன் போட்டியில், சோதனைக்காரர்கள் வாசலில் இருக்கும்போதே அணி டாக்டர் ஒரு லிட்டர் உப்புநீர்ப் பையை மழைக்கோட்டுக்குள் ஒளித்து அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடம் கொண்டுபோனதை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012 அறிக்கையில் விவரமாக எழுதியிருக்கிறது.

கேள்வி: சுத்தமாக ஓட்டி ஒருவர் மட்டும் தனியாக நின்றார் என்று எங்கோ படித்தேன். யார் அவர்?

பதில்: கிறிஸ்டோஃப் பாஸோன். அதே ஃபெஸ்டினா அணிக்காரர். 1998இல் அணி மொத்தமும் சிக்கியபோது, "அவன் ஒருவன் மட்டும் எடுக்கவில்லை" என்று கூட ஓட்டியவர்களே போலீஸிடம் சொன்னார்கள். அடுத்த வருடம் வேறு அணிக்குப் போய், தோஃபினே பந்தயத்தில் ஒரு கட்டம் ஜெயித்தார். பிறகு டூர். ஓட்டிக்கொண்டே ஒரு பாரிஸ் நாளிதழில் பத்தி எழுதினார், இந்த வேகம் நம்பும்படி இல்லை என்று. ஆல்ப் துவேஸ் போகிற நாளில் மொத்த நேரத்தில் முதலில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியிலிருந்த ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். இதை ஆம்ஸ்ட்ராங்கே தொலைக்காட்சியில் மறுக்கவில்லை. கூட்டத்தில் யாரும் பாஸோனிடம் பேசவில்லை, சொந்த அணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில நாளில், பந்தயம் முடியாமலே பெட்டியைக் கட்டினார். 2001இல் தொழிலையே விட்டார்.

அவரால் ஜெயித்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். டூரை முடியாது. அவரை வெளியே அனுப்பியது மலை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களையும் ஊக்கமருந்துக்காகப் பிடுங்கினார்களே, யாருக்குக் கொடுத்தார்கள்?

பதில்: யாருக்கும் இல்லை. 1999 முதல் 2005 வரை வருடத்துக்கு முதல் மூன்று இடம், மொத்தம் 21 இடம். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்குப்படி 20 இடத்தில் இருந்தவர்களுக்கு ஊக்கமருந்தோடு தொடர்பு. மிஞ்சியவர் ஸ்பெயினின் ஃபெர்னாந்தோ எஸ்கார்த்தின், 1999இல் மூன்றாம் இடம். இரண்டாம் இடத்தவருக்குக் கொடுக்கப்போனால் கை நடுங்கும் என்று தெரிந்ததால் இடத்தையே காலியாக விட்டுவிட்டார்கள். டூரின் வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு வருடத்துக்கு நேரே இன்றைக்கும் பெயர் கிடையாது.